ஆண்டிவைரஸ் இன்ஸ்டால் ஆக மறுக்கிறதா? வீட்டுக் கணினிக்கான கேள்வி பதில்கள்

இங்கே உள்ளவை விண்டோஸ் 10 அல்லது 11 ஓடும் வீட்டு டெஸ்க்டாப், லேப்டாப்களுக்கானவை. விண்டோஸ் 7 இன்னும் வைத்திருப்பவர்களுக்குக் கீழே தனியாக ஒரு கேள்வி இருக்கிறது. வாங்கியது எந்த கம்பெனியின் சாஃப்ட்வேர் என்பது அவ்வளவு முக்கியமில்லை. சென்னையின் கே7, புனேயின் குவிக் ஹீல், வெளிநாட்டுச் சரக்கு எதுவானாலும் மாட்டிக்கொள்ளும் இடங்கள் ஏறக்குறைய ஒன்றுதான்.

இன்ஸ்டால் பாதியில் நின்றுவிடுகிறது. எங்கிருந்து தொடங்குவது?

வாங்கிய சாஃப்ட்வேரைத் திட்டுவதற்கு முன் கணினியைப் பாருங்கள். பெரும்பாலான நேரம் கோளாறு புதிதாக வருவதில் இருக்காது, ஏற்கெனவே உள்ளே இருப்பதில் இருக்கும். முதலில் ஒரு ரீஸ்டார்ட். அடுத்து, திரையின் வலது கீழ் மூலையில் தேதியும் நேரமும் சரியா என்று ஒரு பார்வை. அப்புறம், பழைய ஆண்டிவைரஸ் எதுவும் மிச்சம் இருக்கிறதா என்று செட்டிங்ஸில் ஆப்ஸ் பட்டியலைத் திறந்து மேலிருந்து கீழ்வரை படியுங்கள். சி டிரைவில் சில ஜிபியாவது காலியாக இருக்க வேண்டும். இவ்வளவும் பத்து நிமிட வேலை. இதிலேயே தீர்ந்துவிடுவது நிறைய.

ஷட்டவுன் செய்து மறுபடி ஆன் செய்தேனே, அது போதாதா?

போதாது. விண்டோஸ் 8 வந்ததிலிருந்து 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்று ஒன்று இருக்கிறது. ஷட்டவுன் கொடுத்தால் விண்டோஸின் அடிப்பகுதி முழுதாக மூடப்படுவதில்லை. அதன் நிலையை அப்படியே டிஸ்கில் எழுதி வைத்துவிட்டு, அடுத்த முறை அங்கிருந்தே தொடரும். சீக்கிரம் ஆன் ஆவது அதனால்தான். ஆனால் அரைகுறையாக நின்ற அப்டேட்டும், நீக்கியும் போகாத டிரைவரும் (விண்டோஸோடு சேர்ந்து ஆழத்தில் ஓடும் துணை நிரல்) அதோடு சேர்ந்தே எழுந்து வரும். ரீஸ்டார்ட் கொடுத்தால் அப்படி இல்லை, எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். ஷட்டவுன்தான் வேண்டும் என்றால் ஷிஃப்ட் கீயை அழுத்திக்கொண்டே ஷட்டவுனைக் கிளிக் செய்யுங்கள், அது முழு ஷட்டவுன்.

'வேறொரு இன்ஸ்டலேஷன் நடந்துகொண்டிருக்கிறது' என்று சொல்லும் 1618 எண் பிழைக்கும் முதல் மருந்து இதுவே. விண்டோஸ் இன்ஸ்டாலர் ஒரு நேரத்தில் ஒரு வேலையைத்தான் எடுத்துக்கொள்ளும். பின்னணியில் வேறு ஏதாவது சாஃப்ட்வேர் தன்னை அப்டேட் செய்துகொண்டிருந்தால் உங்கள் ஆண்டிவைரஸ் வரிசையில் நிற்க வேண்டியதுதான். விண்டோஸ் அப்டேட் பக்கத்தையும் திறந்து பாருங்கள். அங்கே ரீஸ்டார்ட் கேட்டுக்கொண்டு ஏதாவது காத்திருந்தால் அதை முதலில் முடியுங்கள்.

பழைய ஆண்டிவைரஸை எடுத்துவிட்டேன். இருந்தும் 'வேறொரு ஆண்டிவைரஸ் இருக்கிறது' என்றே சொல்கிறது. ஏன்?

அதிகம் பேர் மாட்டிக்கொள்வது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஆண்டிவைரஸ் மற்ற சாஃப்ட்வேர் மாதிரி ஒரு ஃபோல்டருக்குள் அடங்கி இருப்பதில்லை. நீங்கள் ஒரு கோப்பைத் திறந்தால், அது உங்கள் கைக்கு வருமுன் ஆண்டிவைரஸின் கைக்குப் போக வேண்டும். அதற்காக விண்டோஸின் உள்மையமான கர்னலிலேயே தன் டிரைவர்களை நுழைத்து வைத்திருக்கும். வைரஸ் வந்து தன்னைப் பிடுங்கிப் போட்டுவிடக் கூடாது என்று தற்காப்பும் செய்துகொண்டிருக்கும். அந்தத் தற்காப்புக்கு உங்களையும் வைரஸையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது. ஆகவே சாதாரண அன்இன்ஸ்டால் சில சமயம் மேலாக இருப்பதை மட்டும் வழித்தெடுத்துவிட்டு டிரைவரையும், விண்டோஸ் தன் செட்டிங்குகளைக் குறித்து வைக்கும் ரிஜிஸ்ட்ரியில் உள்ள பதிவுகளையும் விட்டுவிடும். புதிதாக வருபவர் அதைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிடுகிறார்.

இதற்கென்றே ஒவ்வொரு கம்பெனியும் தனியாக ஒரு நீக்கும் கருவி கொடுக்கிறது. மெக்காஃபிக்கு எம்சிபிஆர், அவாஸ்டுக்கு அவாஸ்ட் கிளியர், ஏவிஜிக்கு ஏவிஜி கிளியர், காஸ்பர்ஸ்கிக்கு கேஏவிரிமூவர். ஈசெட், நார்ட்டன், பிட்டிஃபெண்டரும் தங்களுடையதை வைத்திருக்கின்றன. எந்த கம்பெனியின் மிச்சமோ, அந்த கம்பெனியின் கருவியை, அந்த கம்பெனியின் தளத்திலிருந்தே எடுங்கள். 'எல்லா ஆண்டிவைரஸையும் நீக்கும் ஒரே டூல்' என்று எங்கோ கிடைப்பதைத் தொட வேண்டாம்.

சில கருவிகளை, அவசியமானவை மட்டும் ஓடும் சேஃப் மோடில்தான் ஓட்ட வேண்டும். ஷிஃப்ட் கீயை அழுத்திக்கொண்டு ரீஸ்டார்ட் கொடுத்தால் நீலத் திரை ஒன்று வரும். அதில் டிரபுள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் என்று போய் ரீஸ்டார்ட் கொடுத்து, வரும் பட்டியலில் 4-ஐ அழுத்துங்கள். இறங்குவதற்கு முன் ஒரு எச்சரிக்கை. புதிய விண்டோஸ் 11 லேப்டாப்கள் பலவற்றில் டிஸ்க் தானாகவே பிட்லாக்கர் முறையில் பூட்டப்பட்டிருக்கும். சேஃப் மோடுக்குப் போகும்போது 48 இலக்க மீட்புக் கீயைக் கேட்டாலும் கேட்கும். உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால் அந்த எண் இருக்கும். முன்கூட்டியே அதை ஒரு காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள். கருவியையும் முதலிலேயே டவுன்லோட் செய்துவிடுங்கள், சாதாரண சேஃப் மோடில் இன்டர்நெட் இருக்காது.

நான் எந்த ஆண்டிவைரஸும் போடவே இல்லையே?

நீங்கள் போடவில்லை, லேப்டாப் கம்பெனி போட்டிருக்கும். புது லேப்டாப் பலவற்றில் மெக்காஃபி அல்லது நார்ட்டனின் டிரையல் கூடவே வரும். டிரையல் முடிந்தபின் 'புதுப்பியுங்கள்' என்று நச்சரித்துக்கொண்டு மூலையில் கிடக்கும். கடையில் பெட்டி வாங்கி வந்து போட்டால் இதோடுதான் முட்டிக்கொள்கிறது. மேலே சொன்னபடி நீக்குங்கள்.

இரண்டு இருந்தால் பாதுகாப்பும் இரண்டு மடங்குதானே? ஒன்று விட்டதை இன்னொன்று பிடிக்காதா?

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. நடப்பது வேறு. ஒரே கோப்பை இரண்டும் ஒரே நேரத்தில் பிடித்து இழுக்கும். ஒன்று தனிமைப்படுத்தி வைத்ததை இன்னொன்று வைரஸ் என்று பிடிக்கும். கணினி ஊர்ந்து போகும், சில சமயம் நீலத் திரையோடு விழுந்தும் போகும். கர்னலில் ஓடும் டிரைவர் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணம் தேட வேண்டாம். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற நிறுவனத்தின் பாதுகாப்பு சாஃப்ட்வேருக்கு வந்த ஒரு பிழையான அப்டேட், உலகம் முழுக்க சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை முடக்கியது. நம் விமான நிலையங்களில் கையால் எழுதிய போர்டிங் பாஸ் கொடுத்தார்கள். அது அலுவலகங்களுக்கான சாஃப்ட்வேர், வீட்டில் இருப்பதில்லை. ஆனால் ஆண்டிவைரஸ் உட்கார்ந்திருக்கும் இடம் எவ்வளவு ஆழமானது என்பதற்கு அது ஒன்றே போதும்.

இன்னொன்று. அவாஸ்ட், ஏவிஜி, அவிரா, நார்ட்டன் என்று நான்கையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பவர்கள் உண்டு. இப்போது அந்த நான்குமே ஜென் டிஜிட்டல் என்ற ஒரே நிறுவனத்தின் கையில்தான் இருக்கின்றன.

விண்டோஸோடு வரும் டிஃபெண்டரையும் நீக்க வேண்டுமா?

வேண்டாம். வேறொரு ஆண்டிவைரஸ் வந்து விண்டோஸிடம் தன்னைப் பதிவு செய்துகொண்டதும் டிஃபெண்டர் தானாக ஒதுங்கிக்கொள்ளும். நீங்கள் அதை எடுத்துவிட்டால் இது திரும்ப வந்து உட்காரும். 'டிஃபெண்டரை நிரந்தரமாக ஒழிப்பது எப்படி' என்று ரிஜிஸ்ட்ரியில் கை வைக்கச் சொல்லும் வீடியோக்களைப் பின்பற்றாதீர்கள். அதைச் செய்தவர்களின் கணினியில்தான் பிற்பாடு எதுவும் ஒழுங்காக ஏறுவதில்லை.

அப்படியானால் காசு கொடுத்து வாங்கத்தான் வேண்டுமா?

என் அபிப்பிராயம்: அப்டேட் ஒழுங்காக வரும் ஒரிஜினல் விண்டோஸ் 11-ல் டிஃபெண்டரே பெரும்பாலான வீடுகளுக்குப் போதும். பிள்ளைகள் எந்தத் தளம் பார்க்கிறார்கள் என்று கட்டுப்படுத்த வேண்டும், ஊர் முழுக்கச் சுற்றிவரும் பென்டிரைவ்கள் வந்து போகும், தமிழில் போனில் பேசி உதவ ஆள் வேண்டும் என்றெல்லாம் இருந்தால் வாங்குவதில் அர்த்தம் இருக்கிறது. பயத்தில் வாங்க வேண்டியதில்லை.

'டிஜிட்டல் கையெழுத்தைச் சரிபார்க்க முடியவில்லை' என்று இன்ஸ்டாலர் சொல்கிறது. கூகுள் கூட 'பாதுகாப்பற்ற இணைப்பு' என்கிறது. வைரஸா?

தேதியைப் பாருங்கள். இன்ஸ்டாலரின் கையெழுத்துக்கும் இணையதளங்களின் சான்றிதழுக்கும் 'இந்த நாள் முதல் இந்த நாள் வரை' என்று ஒரு கெடு உண்டு. உங்கள் கணினி இன்னும் 2012 ஜனவரி 1-ல் இருந்தால், 2025-ல் வழங்கிய சான்றிதழ் அதற்கு இன்னும் பிறக்கவே இல்லை.

தேதியைச் சரிசெய்து, மறுநாள் காலை ஆன் செய்யும்போது மறுபடி பழைய தேதிக்கே போய்விட்டால் மதர்போர்டில் இருக்கும் பேட்டரி தீர்ந்துவிட்டது என்று பொருள். ஐந்தாறு வருஷம் ஆன டெஸ்க்டாப்பில் இது சாதாரணம். அதுவும் இரவில் சுவரில் இருக்கும் சுவிட்சையே அணைத்துவிடும் வீடுகளில், கடிகாரம் முழு இரவும் அந்தச் சின்ன பேட்டரியை நம்பித்தான் ஓடுகிறது. கேபினட்டின் பக்கத் தகட்டைக் கழற்றினால், ஐந்து ரூபாய்க் காசு அளவில் பளபளவென்று வட்டமாக ஒன்று தெரியும். மேலே சிஆர் 2032 என்று எழுதியிருக்கும். மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, ஓரத்தில் இருக்கும் கொக்கியை நகத்தால் தள்ளினால் துள்ளி வெளியே வரும். வாட்ச் கடையிலேயே புதியது கிடைக்கும். கூட்டல் குறி மேலே பார்க்கும்படி வைத்து அழுத்துங்கள். ஆன் செய்ததும், விண்டோஸுக்கு முன் எழும் பயாஸ் ஒரு முறை நின்று ஏதாவது கேட்கலாம். தேதியை வைத்து, சேவ் செய்து வெளியே வாருங்கள். லேப்டாப்பில் இந்த வேலையைக் கடைக்காரரிடம் விட்டுவிடுவது நல்லது.

டவுன்லோட் 40, 50 சதவீதத்தில் நிற்கிறது. இன்ஸ்டாலர் ஃபைல் சின்னதாகத்தானே இருக்கிறது?

சின்னதாக இருப்பதுதான் விஷயம். நீங்கள் எடுத்தது வெறும் ஆள் அனுப்பும் சீட்டு. அது ஓடத் தொடங்கியதும் உண்மையான சரக்கை, பல நூறு எம்பியை, இன்டர்நெட்டிலிருந்து இழுக்கும். மொபைல் ஹாட்ஸ்பாட்டில் இருந்தால், நடுவில் ஒரு போன் அழைப்பு வந்தாலும் இணைப்பு தடுமாறி நின்றுவிடலாம். கம்பெனியின் தளத்தில் 'ஆஃப்லைன் இன்ஸ்டாலர்' என்று தேடுங்கள். முழு ஃபைலாகக் கிடைக்கும். நல்ல நெட் இருக்கும் வீட்டில் பென்டிரைவில் எடுத்து வந்தும் போடலாம். பெட்டியோடு வந்த சிடியில் இருப்பது பழைய பதிப்பாக இருக்க வாய்ப்பு அதிகம், அதைவிட தளத்தில் இருப்பது மேல்.

'இந்த ஆப் உங்கள் கணினியில் ஓடாது' என்று வருகிறது.

காரணம் பல. டவுன்லோட் பாதியில் அறுந்த ஃபைலாக இருக்கலாம், அழித்துவிட்டு மறுபடி எடுங்கள். உங்களுடையது 32 பிட் விண்டோஸாக இருந்து, எடுத்தது 64 பிட்டாக இருக்கலாம். செட்டிங்ஸ், சிஸ்டம், அபவுட் போனால் தெரியும்.

அதே பக்கத்தில் பிராசஸர் ஸ்னாப்டிராகன் என்றிருந்தால் உங்களுடையது ஆர்ம் வகை லேப்டாப். சாதாரண சாஃப்ட்வேர்களை அதில் விண்டோஸ் ஒப்பேற்றி ஓட்டிவிடும். கர்னல் டிரைவரை அப்படி ஒப்பேற்ற முடியாது, ஆர்முக்கென்றே எழுதியிருக்க வேண்டும். எல்லா ஆண்டிவைரஸ் கம்பெனியும் எழுதிவிடவில்லை. வாங்குமுன் கேட்டுக்கொள்ளுங்கள்.

'மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் இருப்பதை மட்டும்தான் போடலாம்' என்று வந்தால் கணினி எஸ் மோடில் இருக்கிறது. செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் பக்கம் வழியாக இலவசமாக வெளியே வரலாம். வந்தபின் திரும்பிப் போக முடியாது.

பிழை எண் 1603 என்றால்?

'ஏதோ பெரிய தவறு நடந்தது' என்பதைத் தவிர அந்த எண் வேறொன்றும் சொல்வதில்லை. அதே சாஃப்ட்வேரின் பழைய பதிப்பு ஏற்கெனவே இருப்பது, இன்ஸ்டால் ஆகும் ஃபோல்டர் என்கிரிப்ட் செய்யப்பட்டிருப்பது, அந்த டிரைவில் சிஸ்டம் என்ற விண்டோஸின் உள்கணக்குக்கு முழு அனுமதி இல்லாதது ஆகியவை வழக்கமான காரணங்கள். தற்காலிக ஃபைல்கள் சேரும் டெம்ப் ஃபோல்டரைக் காலி செய்து, அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமையுள்ள கணக்கில் நுழைந்து, ஃபைல் மேல் ரைட் கிளிக் செய்து 'ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' கொடுத்துப் பாருங்கள்.

மற்ற தளங்கள் திறக்கின்றன, ஆண்டிவைரஸ் கம்பெனிகளின் தளம் மட்டும் திறக்கவில்லை.

இங்கே சந்தேகப்படலாம். உள்ளே வந்த வைரஸ் முதலில் செய்வது, தன்னைப் பிடிக்க வருபவரின் வழியை அடைப்பது. 2008-ல் பரவிய கான்ஃபிக்கர் இதில் பேர்போனது. ஆண்டிவைரஸ் தளங்களின் பெயர்கள் தெரிந்தாலே இணைப்பை வெட்டிவிடும்.

சி டிரைவில் விண்டோஸ், சிஸ்டம்32, டிரைவர்ஸ், இடிசி என்று உள்ளே போனால், எந்தத் தளத்தின் பெயரை எந்த எண் முகவரிக்கு அனுப்புவது என்று சொல்லும் 'ஹோஸ்ட்ஸ்' என்று ஒரு ஃபைல் இருக்கும். நோட்பேடில் திறந்து பாருங்கள். # குறியில் தொடங்கும் வரிகள் வெறும் விளக்கம், விட்டுவிடலாம். 127.0.0.1 அல்லது 0.0.0.0 என்று தொடங்கி, எதிரே ஆண்டிவைரஸ் தளங்களின் பெயர்கள் வரிசையாக இருந்தால் யாரோ வேலை காட்டியிருக்கிறார்கள். வரிகளை மட்டும் அழித்தால் தீராது, எழுதியவன் மறுபடி எழுதுவான்.

முதலில் விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து, ஸ்கேன் ஆப்ஷன்ஸில் 'ஆஃப்லைன் ஸ்கேன்' கொடுங்கள். கணினி ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் எழும் முன்பே தேடும். சுமார் கால் மணி நேரம் ஆகும். அது முடியாவிட்டால் வேறொரு சுத்தமான கணினியில் மைக்ரோசாஃப்ட் சேஃப்டி ஸ்கேனரை டவுன்லோட் செய்து பென்டிரைவில் கொண்டுவாருங்கள். அதன் ஆயுள் பத்து நாள்தான், போன மாதம் எடுத்தது ஓடாது. இன்னும் முற்றிய கேஸ் என்றால் காஸ்பர்ஸ்கி ரெஸ்க்யூ டிஸ்க் போன்றவை உண்டு. பென்டிரைவிலிருந்தே கணினியை எழுப்பி ஸ்கேன் செய்வதால் உள்ளே இருக்கும் வைரஸுக்கு எழுந்திருக்கவே வாய்ப்பிருக்காது. சுத்தமான பின் புதிய ஆண்டிவைரஸைப் போடுங்கள்.

சொந்தக் கணினியில் 'உங்கள் ஐடி நிர்வாகி தடுத்திருக்கிறார்' என்கிறதே! யார் அந்த நிர்வாகி?

கணினி ஏதாவது அலுவலகத்திலிருந்து செகண்ட்ஹேண்டில் வந்திருந்தால் பழைய அலுவலகத்தின் கட்டுப்பாடுகள் மிச்சம் இருக்கலாம். செட்டிங்ஸ், அக்கவுண்ட்ஸ் போய் அலுவலகக் கணக்கு ஏதாவது இணைந்திருக்கிறதா என்று பாருங்கள். அப்படி இல்லையென்றால் நேரடியாகவே கேட்கிறேன்: விண்டோஸ் ஒரிஜினலா? கடையில் விண்டோஸ் போட்டுக்கொடுப்பவர் கேஎம்எஸ் மாதிரி ஆக்டிவேட்டர் (லைசென்ஸ் இல்லாத விண்டோஸை இருப்பதுபோல் காட்டும் டூல்) ஏதாவது ஓட்டியிருந்தால், அதற்கு முன் டிஃபெண்டரை முடக்கியிருப்பார். அந்த ஆக்டிவேட்டரோடு வேறு என்ன வந்தது என்று யாருக்கும் தெரியாது. இப்படிப்பட்ட கணினியில் ஆண்டிவைரஸ் போடப் போராடுவது வீண். ஃபைல்களைப் பத்திரப்படுத்திவிட்டு ஒரிஜினல் விண்டோஸைப் புதிதாகப் போடுவதே மிச்சமான வேலை.

விண்டோஸ் 7-ல் என்ன செய்வது?

2020 ஜனவரி 14-க்குப் பிறகு அதற்கு மைக்ரோசாஃப்டின் பொது ஆதரவு இல்லை. இப்போதைய இன்ஸ்டாலர்கள் எஸ்எச்ஏ-2 முறையில் கையெழுத்திடப்பட்டவை. 2019-ல் வந்த கேபி 4490628, கேபி 4474419 என்ற இரண்டு அப்டேட்டும் இல்லாவிட்டால் விண்டோஸ் 7-க்கு அதைப் படிக்கத் தெரியாது. அவற்றைப் போட்டபின் ஆண்டிவைரஸ் ஏறலாம். ஆனால் குரோம் 109-வது பதிப்போடு நின்றுவிட்டது. வங்கி வேலையெல்லாம் அந்தக் கணினியில் வேண்டாம்.

விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபர் 14-ல் ஆதரவு முடிந்தது. டிஃபெண்டரின் வைரஸ் பட்டியல் மட்டும் 2028 அக்டோபர் வரை வரும் என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியிருக்கிறது.

இன்ஸ்டால் ஆயிற்று. லைசென்ஸ் கீயைத்தான் ஏற்க மறுக்கிறது.

பூஜ்யமா ஓ எழுத்தா, ஒன்றா ஐ எழுத்தா என்று முதலில் பாருங்கள். அப்புறம் பெட்டியில் எழுதியிருக்கும் பெயர். ஆண்டிவைரஸ், இன்டர்நெட் செக்யூரிட்டி, டோட்டல் செக்யூரிட்டி என்று ஒரே கம்பெனிக்கு மூன்று சரக்கு இருந்தால், ஒன்றின் கீ இன்னொன்றுக்குப் பொதுவாகப் பொருந்தாது. துபாயிலோ சிங்கப்பூரிலோ இருந்து உறவினர் வாங்கி வந்த பெட்டி என்றால் அந்த நாட்டோடு கட்டப்பட்ட கீயாக இருக்கலாம். விண்டோஸைப் புதிதாகப் போட்டபின் 'ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டது' என்று வந்தால், பில்லை வைத்துக்கொண்டு கம்பெனியில் கேட்டால் விடுவித்துக் கொடுப்பார்கள். பில்லைத் தூக்கிப் போடாதீர்கள்.

கஸ்டமர் கேர் எண்ணை கூகுளில் தேடி எடுத்தேன். அவர் எனிடெஸ்க் போடச் சொல்கிறார்.

போனை வையுங்கள். எனிடெஸ்க் என்பது உங்கள் கணினியை வேறொருவர் தூரத்திலிருந்தே இயக்க வழிவிடும் சாஃப்ட்வேர். தேடலில் மேலே வரும் எண்கள் எல்லாம் கம்பெனியுடையவை அல்ல. பெட்டியின் மேல் அச்சிட்ட எண்ணையோ, கம்பெனியின் தளத்தை நீங்களே தட்டச்சு செய்து திறந்து அங்கே இருக்கும் எண்ணையோ மட்டும் அழையுங்கள். 'உங்கள் கணினியில் 300 வைரஸ்' என்று கருப்புத் திரையில் எதையோ ஓடவிட்டுக் காட்டுபவர், ஓடிபி கேட்பவர், பத்து ரூபாய் யூபிஐயில் அனுப்பச் சொல்பவர் எல்லாரும் ஒரே கூட்டம். பணம் போய்விட்டால் உடனே 1930-க்கு அழையுங்கள். சீக்கிரம் சொன்னால் பணம் கைமாறுமுன் நிறுத்த வாய்ப்பு அதிகம்.

போட்ட ஆண்டிவைரஸ் உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று எப்படித் தெரியும்?

விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்தால் இப்போது காவலில் இருப்பது யார் என்று பெயரோடு காட்டும். இன்னும் திருப்தி வேண்டுமென்றால் ஐகார் என்ற சோதனை ஃபைல் இருக்கிறது. வெறும் 68 எழுத்துகள், எந்தத் தீங்கும் செய்யாது. அதை வைரஸ் போலப் பிடிக்க வேண்டும் என்று ஆண்டிவைரஸ் கம்பெனிகள் தங்களுக்குள் ஒப்புக்கொண்டிருக்கின்றன. ஐகார் தளத்திலிருந்து டவுன்லோட் செய்யப் பாருங்கள். செய்ய விடாமல் தடுத்துக் கத்தினால் ஆள் விழித்திருக்கிறார்.

முதல் முழு ஸ்கேன் நடக்கும்போது கணினி மெதுவாகத்தான் இருக்கும், அதைப் பார்த்து அன்இன்ஸ்டால் செய்துவிடாதீர்கள். பழைய ஹார்டு டிஸ்க் உள்ள கணினியில் ஒரு முழு இரவே ஆகிவிடும்.

எல்லாம் செய்தும் ஏறவில்லை.

கம்பெனிக்கு எழுதுங்கள். விண்டோஸ் பதிப்பு, பிழை எண், திரையின் படம் மூன்றும் சேர்த்து அனுப்பினால் 'ரீஸ்டார்ட் செய்தீர்களா' என்ற முதல் சுற்றுப் பதிலைத் தாண்டிவிடலாம். இன்ஸ்டாலரின் லாக் ஃபைல் பெரும்பாலும் டெம்ப் ஃபோல்டரில் இருக்கும், கேட்டால் அதையும் கொடுங்கள். அதுவரை டிஃபெண்டர் ஓடிக்கொண்டிருக்கிறதா என்று மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள்.

கடைசி வழி 'ரீசெட் திஸ் பிசி'. சொந்த ஃபைல்களை வைத்துக்கொண்டு விண்டோஸைப் புதிதாக்கும், நீங்கள் போட்ட சாஃப்ட்வேர்கள் போய்விடும். ஃபைல்கள் இருக்கும் என்று அது சொன்னாலும் போட்டோக்களை வெளியே ஒரு ஹார்டு டிஸ்கில் எடுத்து வைத்துவிட்டுத்தான் அழுத்த வேண்டும். சர்வீஸ் கடையில் கொடுப்பதாக இருந்தால் 'ஒரிஜினல் விண்டோஸ்தான், ஆக்டிவேட்டர் எதுவும் ஓட்டாதீர்கள்' என்று வாயால் சொல்லாமல் ஜாப் சீட்டிலேயே எழுதி வாங்குங்கள்.